மூணு வந்தா கைய கழுவு

இன்று கடையைத் திறக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். திறந்ததும் முதல் வேலையாக, மேல்தட்டில் கிடக்கும் உன் பட்டன் போனை எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். ஐந்தாம் எண் பொத்தானின் இடுக்கில் இன்னும் புளி ஒட்டியிருக்கிறது. நகத்தால் நோண்டினாலும் வரவில்லை. முகர்ந்து பார்த்தால் மலைப் புளிக்கே உள்ள அந்த லேசான வெல்ல வாசனை. பின்மூடி விழாமலிருக்க நீ சுற்றிவைத்த ரப்பர் பேண்ட் இற்று அறுந்துவிட்டது. வேறொன்று போட்டேன்.

போன் செத்துவிட்டது மாப்ள. பேட்டரி உப்பிப்போய் நாளாயிற்று. ஆனால் உன் எண் உயிரோடு இருக்கிறது. அது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ இருந்தால் முதல் வரியிலேயே, "சுருக்கமா சொல்லு மொதலாளி, வண்டி ஆன்ல நிக்குது" என்றிருப்பாய். இன்றைக்கு வண்டி எதுவும் ஆனில் நிற்கவில்லை. முழுதாகக் கேள்.

மொதலாளி என்ற பெயரே நீ வைத்ததுதான். அப்போது எனக்கு ஒரு சைக்கிளும் நான்கு சாக்கும் இருந்தன. உனக்கு ஒரு வாடகை ஜீப். கச்சிராயபாளையத்து டீக்கடையில் ஒரே ஒரு மூட்டைக் கடுக்காயை வைத்துக்கொண்டு நான் ஊரையே வாங்குகிறவன் மாதிரி விலை பேசிக்கொண்டிருந்தேன். "மொதலாளி, உங்க குடோனு எங்கங்க இருக்குது, சைக்கிள் கேரியர்லயா?" என்று கேட்டாய். டீக்கடையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. மறுவாரம் உன் ஜீப்பில்தான் மலையேறினேன். அதன்பிறகு உன்னை விடவில்லை.

வெள்ளிமலையில் டவர் வந்ததும் நம்மில் முதலில் போன் வாங்கியவன் நீ. ஜீப்புக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டில், பாறையிலும் பஸ் நிழற்குடைச் சுவரிலும் உன் எண்ணை எழுதினாய். பக்கத்தில் என் கடைப் பெயரைப் போடு என்றேன். "கடை பேரு இன்னாத்துக்கு? நம்பரு போதும்" என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நீ சொன்னதுதான் நடந்தது. இன்றும் மலையில் என் கடையின் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். உன் எண்ணைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

டவர் வெள்ளிமலையில் இருந்தாலும் உள்ளே தள்ளியுள்ள ஊர்களில் பேச்சு நிற்காது. இரண்டு வார்த்தையில் அறுந்துவிடும். மணி மட்டும் வந்து சேரும். அதனால்தான் நீ மணியையே பேச்சாக்கினாய். ஒரு மிஸ்டு கால் என்றால் சரக்கு தயார். இரண்டு என்றால் ஆள் ஏற வேண்டும். மூன்று என்றால் உடம்புக்கு ஆபத்து, எதுவும் கேட்காமல் புறப்படு. நூற்றெட்டு வண்டி வரும்தான், ஆனால் தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும். அதற்கு மேலே கல்பாதையில் இறங்கி ஏறுவதற்கு நம் வண்டிதான். அந்த மூன்றைப் பற்றி நீ ஒன்று சொல்வாய்: "மூணு வந்தா, சாப்பிட்டுக்கினு இருந்தாலும் கைய கழுவு."

சொன்னது மட்டுமா? தியாகதுருகத்தில் அந்தக் கல்யாணப் பந்தி ஞாபகம் இருக்கிறதா? இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றினார்கள். உன் இடுப்பில் மணி அடித்து அடித்து மூன்று தடவை ஓய்ந்தது. நீ எழுந்துவிட்டாய். பெண்ணின் அப்பா பதறிப்போய், "இன்னாப்பா, பாயசம் வருது, பாதியில எழுந்திருச்சா எப்படி?" என்றார். "எம்பாயசத்த மொதலாளிக்கு ஊத்துங்க. ரெண்டு பங்கு சாப்புடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். வண்டியில் என் கடுக்காய் இருபது மூட்டை இருந்தது. பாரம் குறைய அதை அப்படியே ரோட்டோரம் இறக்கிவிட்டு மலையேறிவிட்டாய். மறுநாள் உன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன், மழை வந்திருந்தால் என் சரக்கு என்ன ஆகும் என்று. நீ டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "கடுக்கா நனைஞ்சா காய வெச்சிக்கலாம்டா" என்றாய்.

போன ஆடியில் அதே வாசலில், அதே மாதிரி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாய்ந்துவிட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செல்வி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி, இந்தப் போனை என் கையில் கொடுத்தாள். "அடிச்சிக்கினே இருக்குதுண்ணே. எனக்கு எடுக்க முடியல."

எனக்கும் முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன். உனக்குப் போன் இடுப்பிலேயே இருந்தது. நான் சந்தையில் இருந்தால் போன் கடையில் இருக்கும், நான் கடையில் இருந்தால் போன் வீட்டில் இருக்கும். எத்தனை மணி அடித்தது, ஒன்றா இரண்டா என்று எண்ணுவதற்குள் அடுத்த ஊர் அடிக்கும். ஒரு ஆள் ஒரு போனை வைத்துக்கொண்டு மலையையே கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பர்வீனை உனக்குத் தெரியும். வண்டிக்கு இன்சூரன்ஸ் போட அங்கேதான் போவோம். சென்னையில் பல வருடம் கால் சென்டரில் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் போனேன்.

"நம்பருங்கறது போனுக்குள்ள இருக்கற பொருளில்லீங்க" என்றார். "சிம்மே இல்லாம ஒரு நம்பரு வாங்கலாம். விர்ச்சுவல் நம்பருன்னு பேரு."

"சிம்மு இல்லாம எப்படிம்மா நம்பரு?"

"உங்க கடை போர்டு எங்க இருக்குது?"

"பஜார்ல."

"குடோனு?"

"தச்சூர் ரோட்டுல."

"போர்ட பாத்து வர்றவன் குடோன பாக்கறானா? சரக்கு வந்தா போதும் இல்ல? நம்பரு வெறும் போர்டுங்க. கூப்புடறவங்க சாதா போன்லயே கூப்புடலாம், அவங்களுக்கு நெட்டு வேணாம். அந்தக் காலு எங்கயோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போவும். அது நெட்டு வழியா, நீங்க எந்தப் போனுக்கு வுடச் சொல்றீங்களோ அந்தப் போனுக்கு வுடும். நாலு போன ஒண்ணா அடிக்கச் சொன்னாலும் அடிக்கும்."

அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பழைய எண்ணுக்கு வருகிற அழைப்பையெல்லாம் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடலாம், பழைய போன் அணைந்து கிடந்தாலும் பரவாயில்லை என்றார். மலைக்கு எதுவும் மாறப்போவதில்லை, அவர்கள் உன் எண்ணையே அடிப்பார்கள். பிரமாதம் என்றேன்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "மலையில இருந்து எப்படிங்க கூப்புடுவாங்க? எதுனா பழக்கம் இருக்குதா?"

பக்கத்து நாற்காலிகளில் ஜவ்வரிசி மில் ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில், எங்கள் வியாபாரம் மிஸ்டு காலில் ஓடுகிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "சரக்கு இருந்தா கூப்புடுவாங்க, அவ்ளோதான்" என்றேன். நான் செய்த தப்பு அதுதான். அந்த ஒரு வாக்கியம்.

அதற்குப்பின் பெருமை பிடித்துக்கொண்டது. சென்னையில் ஒரு பெண் குரலில் பதிவு செய்துகொடுத்தார்கள். "வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. புளிக்கு எண் ஒன்றை அழுத்தவும். கடுக்காய்க்கு எண் இரண்டை அழுத்தவும்." பஜாரில் ஒருவர் விடாமல் போட்டுக் காட்டினேன். தினமும் ராத்திரி என் போனுக்கு ஓர் அறிக்கை வரும். அதில் கடைசி வரி: தவறிய அழைப்புகள், பூஜ்யம். அதை செல்வியிடமும் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "மூணு அடிச்சா என்னண்ணே ஆவும்?" என்று கேட்டாள்.

"இனிமே எதுக்கும்மா அடிக்கணும்? அதான் ஒரு மணியிலேயே எடுத்துக்குதே. பேசலாம்" என்றேன். பேச்சு நிற்காத இடத்தில் எதைப் பேசுவது என்று நான் யோசிக்கவில்லை. ஊருக்குள் உட்கார்ந்துகொண்டு மலையை மறந்துவிட்டேன்.

பாறைமேட்டு அண்ணாமலையை நினைவிருக்கும். பங்குனியில், என் லோடுக்காகத்தான் புளி உலுக்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் கிளை முறிந்து விழுந்துவிட்டார். அவர் மனைவி கன்னியம்மா, நீ எண் எழுதிய பாறைக்கு ஓடி உன் எண்ணை அடித்திருக்கிறாள். ஒரே மணியில் அந்தக் குரல் எடுத்துவிட்டது. அறுத்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி. மொத்தம் மூன்று.

மூன்று கொடுத்தாகிவிட்டது, வண்டி வரும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வேறு யாரையும் கூப்பிடவில்லை. உன்மேல் இருந்த நம்பிக்கை மாப்ள. மூன்று மணி நேரம். பொழுது சாய்கிற நேரத்தில்தான் போர்வையில் தூளி கட்டி அவரைத் தார் ரோட்டுக்குச் சுமந்து வந்தார்கள். அன்று என் அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? எடுக்கப்பட்ட அழைப்புகள், மூன்று. தவறியவை, பூஜ்யம். நான் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து விஷயம் தெரிந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கன்னியம்மா என்னைப் பார்த்ததும், "யாருங்க அந்தப் பொம்பள?" என்றாள். "வுழுந்துட்டாரு, வுழுந்துட்டாருன்னு நான் கத்திக்கினு இருக்கறேன், அவ புளிக்கு ஒண்ணுன்றா. யாரோ எடுத்தாங்களே, உங்ககிட்ட சொல்லிடுவாங்கன்னு இருந்துட்டேங்க."

அண்ணாமலை கட்டுப்போட்ட காலோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலே மெதுவாகச் சொன்னார். "வுடு கன்னியம்மா. மொதலாளி நம்மள கை கழுவிட்டாரு."

அந்த வார்த்தை என்னை அடித்துப் போட்டுவிட்டது. நீயும் அதையேதான் சொல்வாய், கையைக் கழுவு என்று. உன் வாயில் அது எழுந்து ஓடு என்று அர்த்தம். என் விஷயத்தில் விட்டுவிட்டான் என்று அர்த்தமாகிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் கால் இந்த அளவுக்குக் கோணியிருக்காது என்று அங்கே சொன்னார்கள். வெளியே வந்து ஒரு முடிவுக்கு வந்தேன்: மலை மறுபடியும் மூன்று அடிக்க வேண்டும், அடித்தால் வண்டி போக வேண்டும். அதுவரை அந்த வருடப் புளியை நான் தொடுவதில்லை.

நேராகப் பர்வீனிடம் போய் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டார்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு இன்னாங்க? நான் கேட்டேன் இல்ல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் மிஸ்டு கால் குடுங்கன்னு ரோட்டுல போர்டு வெச்சிக்கினு இருக்குது. உங்களுக்கு வெக்கம்!"

அந்தப் பெண் குரலை அன்றைக்கே நிறுத்தினார். எண் மணி அடிக்கும், எடுக்காமல் துண்டிக்கும், யார் அடித்தது என்று குறித்துக்கொள்ளும். அதற்கு வசதி இருந்தது. ஆனால் ஒரே ஆள் மூன்று தடவை அடித்தால் மட்டும் எங்கள் போன்கள் எல்லாம் அலற வேண்டும், அதற்கு வசதி இல்லை என்றது எண்ணை விற்ற கம்பெனி. நான் கடுக்காய் விற்று வளர்ந்தவன். இல்லை என்று ஒருவர் சொன்னால், அது அவர் சொல்கிற முதல் விலை என்றுதான் எடுத்துக்கொள்வேன். பதினோரு நாள், தினமும் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். தினமும் வேறு ஆள் எடுப்பார். தினமும் அண்ணாமலை மரத்தில் ஏறியதிலிருந்து தொடங்குவேன். "சார், புரியுது சார், ஆனா ஆப்ஷன் இல்ல சார்" என்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் பர்வீன் என்னிடமிருந்து போனைப் பிடுங்கி ஒரே கேள்வி கேட்டார். "எண்ணறத நாங்க எண்ணிக்கறோம். வர்ற மிஸ்டு கால் ஒவ்வொண்ணையும் வந்த உடனே எங்க பக்கம் தள்ளிவுட முடியுமா?" முடியும் என்றார்கள். அவ்வளவுதான். நான் கொட்டையெடுத்த புளியைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர்களிடம் ஓட்டுப் புளிதான் இருந்தது. வாங்கி வந்து நாம் உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். பர்வீன் உடைத்தார். பத்து நிமிடத்துக்குள் ஒரே எண்ணிலிருந்து மூன்று வந்தால், நான்கு போன்கள் ஒன்றாக அடிக்கும், எடுத்தால் அடித்தவரின் எண்ணைப் படித்துச் சொல்லும்.

இதற்கெல்லாம் எண்ணின் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் நீ. உன் இறப்புச் சான்றிதழோடு செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் படிவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவுரு பேர எடுக்கணுமாண்ணே?"

"எடுத்தாதாம்மா நம்பரு நிக்கும்."

பிறகு பேனாவை வாங்கினாள். "எம்பேர்லயே போடுங்க. ஆனா ஒண்ணு. மூணு வந்தா எம்போனும் அடிக்கணும். எந்த ஊர்ல யாரு வூட்டு நம்பருன்னு உங்களுக்கு இன்னா தெரியும்? அவுரு சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தெரியும்." என் போன், கடைப் போன், உனக்குப்பின் வண்டி ஓட்டும் முருகனின் போன் போக, நான்காவது போன் யாருடையது என்ற கேள்வி அப்படித் தீர்ந்தது.

பிறகு மலையேறினேன். நான்கு நாள், ஒன்பது ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் கையால் மூன்று அடிக்கவைத்து, கீழே செல்வி எடுத்து மணியடித்தவர் பெயரைச் சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த ஊருக்கு நகர்ந்தேன். பாறையில் மங்கிக்கிடந்த உன் எண்ணின்மேல் மறுபடி பச்சைப் பெயிண்ட் அடித்தேன். டிரைவர் முருகன், "புது நம்பரையே எழுதிடலாமே மொதலாளி" என்றான். முறைத்தேன். எழுதவில்லை.

பாறைமேட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். தள்ளிப்போட்டேன் என்றே வைத்துக்கொள். அண்ணாமலை கோலூன்றிக்கொண்டு பாறைவரை வந்தார். எல்லார் எதிரிலும், "தப்பு எம்மேலதாங்க" என்றேன். கன்னியம்மா போனை எடுத்து அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. என் பையில் போன் அலறியது, முருகனுடையதும் அலறியது. கூட்டம் சிரித்தது. அண்ணாமலை என் போனை எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொம்பள எங்க?"

"வேலைய வுட்டுத் தூக்கிட்டேங்க."

"பாவம். எங்கனா பொழச்சிக்கட்டும்" என்றார். கால் கோணல்தான். அதை எந்தக் கம்ப்யூட்டராலும் நிமிர்த்த முடியாது. நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலைத்தான் பார்க்கிறேன். பார்க்க வேண்டும் என்றுதான் பார்க்கிறேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். இன்று காலை எட்டு மணிக்கு வீட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புது எண்ணை நான் என் போனில் 'மாப்ள' என்றுதான் பதிந்திருக்கிறேன். திரையில் நீ வந்தாய். ஒத்திகை எல்லாம் முடிந்தபின் நிஜமாக வந்த முதல் மூன்று. எழுந்து கையைக் கழுவினேன். ஈரக்கையோடு போனை எடுப்பதற்குள், வெள்ளிமலையிலேயே வண்டியோடு தங்கியிருக்கும் முருகன் எடுத்துவிட்டான். செல்வி வீட்டை அடையாளம் சொல்லிவிட்டாள். பெரியசாமியின் தாயாருக்கு மூச்சுத் திணறல். நூற்றெட்டைத் தார் ரோட்டு முனைக்கு வரச் சொல்லியாகிவிட்டது. முருகன் போய்ச் சேர இருபது நிமிடம். கோபித்துக்கொள்ளாதே மாப்ள, நீ கீழேயிருந்து ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பத்தரைக்குச் செல்வி பேசினாள். "சேத்தாச்சுண்ணே. பேசறாங்களாம். காப்பி கேக்கறாங்களாம்." அதன்பிறகுதான் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

காலையில் என் தட்டில் பாதிப் பொங்கல் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரி கேட்டாள். "அதான் முருகன் எடுத்துட்டான், செல்வி சொல்லிட்டா. நீங்க போயி பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் இன்னாத்துக்குக் கைய கழுவிக்கினு நிக்கறீங்க? உக்காந்து சாப்புடுங்க."

"மூணு வந்துச்சு இல்ல?" என்றேன்.